நாய் பிடிக்கும் வேலைக்கு இரண்டு ஓட்டு

காலை ஏழேகால் மணிக்கு எல்வுட் ட்ரிம்பிள் மளிகைக் கடையில் ஒரு திருத்தம் சொன்னார். ஏழு இருபதுக்கு அவர் நாய் பிடிக்கும் வேலைக்கு வேட்பாளர்.

திருத்தம் சொல்வது அவருக்கு ஒரு வியாதி. பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளியில் சரித்திர வாத்தியார். அது போதாதென்று, அரசியல்வாதிகள் வாயில் புரளும் வழக்குச் சொற்கள் எங்கே பிறந்தன, எப்படி வளர்ந்தன என்று வாரப் பத்திரிகையில் ஒரு பத்தி வேறு எழுதினார். எழுதியதோடு விட்டாரா என்றால் அதுவும் இல்லை. அவர் குடியிருந்த கில்போர்னில் யாராவது ஒரு சொல்லைத் தெரியாத்தனமாக உதிர்த்துவிட்டால், அதன் பிறப்புச் சான்றிதழைக் காட்டாமல் ஆளை நகர விடமாட்டார்.

அன்று கடை அடுப்பைச் சுற்றிக் காபிக் கோப்பைகளோடு ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். ஊர்ச் சாலைகளைப் பார்த்துக்கொள்ளும் கிளேட்டன் ரக்கிள்ஸ் யாரோ ஒரு செனட்டரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"அவனா? அவன் நாய் பிடிக்கிற வேலைக்கு நின்னாக்கூட ஜெயிக்க மாட்டான்!"

எல்வுட் கோப்பையைக் கீழே வைத்தார். அவர் கோப்பையைக் கீழே வைத்தால் என்ன நடக்கும் என்று தெரிந்த இரண்டு பேர் மெதுவாக வாசல் பக்கம் நகர்ந்தார்கள்.

"கிளேட்டன், அது அர்த்தமில்லாத வசவு. நூறு வருஷத்துக்கும் மேலா அமெரிக்கா பூராவும் சொல்லிக்கிட்டிருக்காங்க. ஆனா நாய் பிடிக்கிறவரை எந்த ஊர்லயும் ஓட்டுப் போட்டு எடுக்கறது கிடையாது. எல்லாம் நியமனம்தான். நடக்காத தேர்தல்ல ஒருத்தன் எப்படித் தோப்பான்?"

"நம்ம ஊர்ல தேர்தல்தானே?"

"நம்ம ஊர் விதிவிலக்கு. இங்கயும் என்ன பெரிய தேர்தல்? முப்பது வருஷமா ஹாரிஸ் விட்கம் ஒருத்தர்தான் நிக்கிறார், எல்லாரும் கை தூக்கறோம். நாளைக்கு நான் நின்னா நான் ஜெயிப்பேன்."

"நீ ஜெயிக்க மாட்டே, எல்வுட்."

கிளேட்டன் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். சுற்றி இருந்தவர்கள் தலையாட்டியதும் சாதாரணமாகத்தான். ஆனால் எல்வுட்டுக்குச் சுருக்கென்று தைத்தது.

காரணம் இருக்கிறது. எல்வுட்டும் அவர் மனைவி மேவிஸும் ஒஹாயோவிலிருந்து வெர்மான்ட் மலைக்கு வந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. இந்த மலையில் பிறக்காதவன் யாராக இருந்தாலும் இங்கே அவனுக்கு ஒரே பெயர்: சமவெளிக்காரன். நாற்பது வருஷம் இருந்து செத்துப்போனவரைக் கூட, "நல்ல மனுஷன், சமவெளிக்காரனா இருந்தாலும்" என்று பேசிப் புதைத்த ஊர். தன் முதுகுக்குப் பின்னால் தன்னையும் அப்படித்தான் சொல்கிறார்களா என்பது எல்வுட்டுக்கு இன்றுவரை தெரியாது. ஆயிரம் சொற்களுக்கு மூலம் தேடியவருக்கு இந்த ஒரு சொல்லைப் பற்றி விசாரிக்க மட்டும் தைரியம் வரவில்லை. வந்த முதல் வருஷ வெள்ளத்தில் நூலகத்துப் புத்தகங்களை நெஞ்சளவுத் தண்ணீரில் தலையில் வைத்துச் சுமந்தவர் அவர். அதற்கு ஊரார் சுட்டுக் கொடுத்தது ஒரு ஆப்பிள் பை. ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"நிக்கிறேன்," என்றார் எல்வுட். "ஹாரிஸ் இந்த வருஷம் முட்டி வலின்னு விடறார் இல்ல? மார்ச் முதல் செவ்வாய், ஊர்க் கூட்டத்துல நான் நிக்கிறேன்."

கிளேட்டனின் முகத்தில் இருந்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"எல்வுட், நான் சும்மா சொன்னேன்பா."

"நான் சும்மா சொல்லல."

வீட்டுக்கு வந்து சொன்னபோது மேவிஸ் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"உனக்கு நாயைக் கண்டாலே ஆகாதே! பக்கத்து வீட்டுக் குட்டி குரைச்சா நீ மாடிக்குப் போயிடுவே."

"இது நாய் சம்பந்தப்பட்டது இல்ல மேவிஸ். நம்மளை இந்த ஊர் என்னவா நினைக்குதுன்னு எனக்குத் தெரியணும். போட்டிக்கு ஆளே இல்லாத, சம்பளமும் இல்லாத வேலை. அதைக்கூட எனக்குத் தரலேன்னா நாம இங்க யாரு?"

அவர் குரலைக் கேட்டு மேவிஸ் சிரிப்பை நிறுத்தினாள். தானே பழைய போர்வைத் துணியில் 'ட்ரிம்பிள்' என்று தைத்து ஒரு சட்டை வில்லை செய்து கொடுத்தாள். அவள் அப்போது எல்வுட் கட்சி.

முதலில் பதவியிலிருந்து இறங்குகிறவரின் ஆசி வாங்குவோம் என்று எல்வுட் ஹாரிஸ் விட்கம் வீட்டுக்குப் போனார். ஹாரிஸ் கனெடிகட் மாநிலத்திலிருந்து வந்தவர். முட்டியில் கட்டோடு கதவைத் திறந்தார்.

"நொண்டி வாத்தைப் பார்க்க வந்திருக்கேன்," என்று எல்வுட் கலகலப்பாக ஆரம்பித்தார். "முட்டிக்காகச் சொல்லல, தப்பா நினைக்காதீங்க. பதவி முடியப்போறவரை அப்படிச் சொல்றது வழக்கம். ஆனா அது முதல்ல லண்டன் பங்குச் சந்தையில, கடனைக் கட்ட முடியாம நொண்டிக்கிட்டே வெளிய போனவங்களை..."

"நீயா நிக்கிறே?"

"ஆமா."

"உனக்குக் கிடைக்கும்னு நினைக்கிறியா?"

"ஏன் கிடைக்காது?"

ஹாரிஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையில் வெறுப்பு இருந்தது, கூடவே வேறு ஏதோ ஒன்றும் இருந்தது.

"கிடைக்காது," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

எல்வுட் படியிறங்கி நடந்தார். முப்பது வருஷம் நாய் பிடித்தவர் வாயிலிருந்தே இப்படி வந்தால் நிலைமை மோசம்தான். பிரசாரம் செய்தே ஆகவேண்டும் என்று முடிவு கட்டினார்.

வீடு வீடாக இறங்கினார். முதலில் ஐடா ஸ்பூனர் வீடு. மேப்பிள் மரங்களில் சாறு இறங்கும் பருவம். ஐடா கொட்டகையில் சாற்றைக் காய்ச்சிக்கொண்டிருந்தாள். அவளுடைய பேரக் குழந்தை மரப்பெட்டியில் உட்கார்ந்திருந்தது. வேட்பாளர் குழந்தையை முத்தமிடுவது தொன்றுதொட்ட மரபு என்பதால் எல்வுட் குனிந்து முத்தமிட்டார். குழந்தை வீல் என்று அலறியது.

"ஐடா, உன் ஓட்டைக் கேட்டு வந்திருக்கேன்."

"எதுக்கு?"

"நாய் பிடிக்கிற வேலைக்கு."

ஐடாவின் கையிலிருந்த கரண்டி சாற்றுக்குள் விழுந்தது. "கடையில பேசிக்கிட்டாங்க, நான் நம்பல. நிஜமாவா?"

"நிஜமாத்தான்."

"நாங்க என்ன தப்புப் பண்ணினோம், எல்வுட்?"

"தப்பா?"

"யாராவது உன்னை ஏதாவது சொல்லிட்டாங்களா? இருபத்தாறு வருஷம் கழிச்சு வந்து இப்படிக் கேக்கறியே, எங்க மேல உனக்கு என்ன கோபம்?"

எல்வுட்டுக்கு ஒன்றும் புரியவில்லை. ஓட்டுக் கேட்டால் கோபம் என்கிறாளே! இந்த மலைக்காரர்களுக்கு ஒரு விஷயத்தை நேராகச் சொல்வது பல் பிடுங்குகிற வேதனை. ஐடா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு குப்பி மேப்பிள் பாகை அவர் கையில் திணித்து அனுப்பிவிட்டாள்.

அடுத்த ஒன்பது வீடுகளிலும் இதே கதைதான். ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு அம்மாள், "உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தாள். கிழவர் ஒருவர் அவர் தோளில் கை வைத்து, "கொஞ்ச நாள் பொறு. எல்லாம் சரியாயிடும்," என்று துக்கம் விசாரிப்பவர் போலச் சொன்னார்.

"என்னை ஒதுக்கறாங்க மேவிஸ்," என்றார் எல்வுட் அன்று சாப்பாட்டு மேஜையில். "நான் கம்பளப் பைக்காரன்னு முடிவு பண்ணிட்டாங்க. உள்நாட்டுச் சண்டை முடிஞ்சதும் பழைய கம்பளத்துல தைச்ச பையைத் தூக்கிக்கிட்டு, பிழைக்கிறதுக்காகத் தெற்கே போன வடக்கத்திக்காரங்களை அப்படித்தான்..."

"தெரியும் எல்வுட், இருபத்தாறு தடவை கேட்டாச்சு."

பிரசாரம் எடுபடவில்லை என்றால் அடுத்தது பேரம். மறுநாள் கிளேட்டனை ஊர்ப் பட்டறையில் பிடித்தார்.

"கிளேட்டன், நாம கட்டை உருட்டுவோம். அந்தக் காலத்துல காட்டை அழிச்சு நிலமாக்கறப்ப, என் மரத்தை நீ உருட்ட வா, உன் மரத்தை நான் உருட்ட வரேன்னு அக்கம்பக்கத்துல ஒத்தாசை பண்ணிக்கிட்டாங்க. அரசியல்ல அதுவே ஓட்டுக்கு ஓட்டு ஆயிடுச்சு. நீ கேக்கற புதுப் பனி தள்ற வண்டிக்கு நான் கை தூக்கறேன். நாய் வேலைக்கு நீ எனக்குக் கை தூக்கு."

கிளேட்டனின் காது சிவந்துவிட்டது. "எனக்குப் பனி வண்டியே வேண்டாம். பழசை வெச்சே ஓட்டிக்கறேன். உனக்கு அந்த ஓட்டைப் போட்டுட்டு நான் கண்ணாடியில என் மூஞ்சியைப் பார்க்க முடியுமா?"

ஆறு வருஷமாக அந்தப் பனி வண்டிக்காக ஊரை நச்சரித்துக்கொண்டிருந்த மனிதர் இப்படிச் சொல்கிறார்! பேச்சால் ஆகாததைச் செயலில் காட்டுவோம் என்று அப்போது எல்வுட்டுக்கு ஒரு யோசனை உதித்தது. உதித்திருக்கவே வேண்டாம்.

அடுத்த நாள் விடியுமுன் தேவாலயத்துக்கு வெளியே ஒரு பெரிய பழுப்பு நாய் கழுத்துப் பட்டையில்லாமல் திரிந்துகொண்டிருந்தது. எல்வுட் நடுங்கிக்கொண்டே ஒரு துண்டு மாட்டிறைச்சியை ஆட்டி ஆட்டி அதைத் தன் வண்டிக் கொட்டகைக்குள் கொண்டுபோய்ப் பூட்டினார். அவர் வாழ்க்கையின் வீரச் செயல் அது ஒன்றுதான். பெருமையோடு பள்ளிக்குக் கிளம்பினால், சாலையில் முழங்கால் அளவு பனி அப்படியே கிடந்தது. பள்ளிப் பேருந்து வரவில்லை. பால் வண்டி பள்ளத்தில் சரிந்து கிடந்தது.

"கிளேட்டன் எங்க? ஏன் பனி தள்ளல?" என்று கடையில் கேட்டார்.

"அவன் நாயைக் காணோமாம். விடியக்காலையிலேர்ந்து காட்டுல தேடிக்கிட்டிருக்கான். நாய் இல்லாம அவன் வண்டி எடுக்க மாட்டான்னு உனக்குத் தெரியாதா?"

பாதி ஊர் கிளேட்டனோடு காட்டில் நாய் தேடிக்கொண்டிருந்தது. எல்வுட் கொட்டகையைத் திறந்து நாயை ஒப்படைத்தபோது கிளேட்டன் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"இவ்வளவு தூரம் போயிட்டியா எல்வுட்? அந்த வேலை மேல அப்படி ஒரு வெறியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, நாயைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்த வாரம் மேவிஸ் பெண்கள் கூடிப் போர்வை தைக்கிற இடத்திலிருந்து முகம் வெளிறித் திரும்பினாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"எல்வுட், நீ இதுல நிக்கக் கூடாது. இன்னைக்கு ஐடா சொன்னா, இந்த வேலையை அவங்க..."

"ஐடா எனக்கு எதிரா வேலை செய்யறா. தெரியும்."

"அது இல்ல. அந்த வேலை யாருக்குன்னா..."

"கறுப்புக் குதிரை!" எல்வுட் எழுந்துவிட்டார். "வேற ஒருத்தனைத் தயார் பண்றாங்க, அதானே? யாருக்கும் தெரியாத குதிரையை ஓட்டப் பந்தயத்துல கடைசி நேரத்துல இறக்கறது. பந்தயக்காரங்க பேச்சு அது, அப்புறம்தான் அரசியலுக்கு வந்துச்சு. பேசவே வேண்டாம் மேவிஸ். நான் பின்வாங்க மாட்டேன்."

"நான் சொல்ல வரதை ஒரே ஒரு தடவை முழுசாக் கேக்கறியா?"

"பேசிப் பேசியே இழுத்தடிச்சு மசோதாவைக் கொல்வாங்களே, ஃபிலிபஸ்டர்னு, அந்த மாதிரி நீயும் என்னை இழுத்தடிக்கப் பார்க்கறே. அந்தச் சொல் கடற்கொள்ளைக்காரங்ககிட்டேர்ந்து வந்துச்சு, தெரியுமா?"

"சரி. பட்டே தெரிஞ்சுக்கோ," என்று மேவிஸ் கோட்டைக் கழற்றி மாட்டினாள்.

மார்ச் முதல் செவ்வாய். ஊர் மண்டபத்தில் நூற்று இருபத்தொரு பேர் மடக்கு நாற்காலிகளில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பெண்கள் கூட்டத்தைக் கேட்டுக்கொண்டே பின்னல் போட்டார்கள். அடித்தளத்திலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கான பீன்ஸ் வேகும் வாசனை மேலே வந்தது. சாலை, பள்ளிக்கூடம், கல்லறைத் தோட்டத்து வேலி எல்லாம் முடிந்து ஒன்பதாவது பொருள் வந்தது. கூட்டத்தை நடத்திய டெல்பர்ட் நீஸ் தொண்டையைச் செருமினார்.

"நாய் பிடிக்கிற வேலை. பேர் சொல்றவங்க சொல்லலாம்."

பின்னல் ஊசிகள் நின்றுவிட்டன. எல்வுட் கிளேட்டனைப் பார்த்தார். கிளேட்டன் கூரையைப் பார்த்தார். எல்வுட் மேவிஸைப் பார்த்தார். மேவிஸ் தன் காலணியைப் பார்த்தாள்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. "நான் சொல்லலாமா? திரு. ட்ரிம்பிள்."

பிரெண்டன் கோஸ்லோவ்ஸ்கி. நியூ ஜெர்சியிலிருந்து நவம்பரில் வந்து ஆட்டுப் பண்ணை வைத்திருப்பவன். எல்வுட்டுக்கு அவன்மேல் பாசம் பொங்கியது. அது பொங்கி அடங்குவதற்குள் ஐடா துள்ளி எழுந்தாள்.

"நான் பிரெண்டன் பேரைச் சொல்றேன்!"

"வழிமொழிகிறேன்!" என்று ஒரே நேரத்தில் முப்பது குரல்கள் எழுந்தன.

கறுப்புக் குதிரை வந்தே விட்டது. வந்து நாலு மாசம் ஆன குதிரை! ஆனாலும் எல்வுட் கடைசிக் கயிற்றைப் பிடித்தார். எழுந்து நின்று, "கை தூக்க வேண்டாம். சீட்டு வெச்சு எடுக்கணும். ஒவ்வொருத்தர் மனசுல இருக்கறதும் வெளிய வரட்டும்," என்றார். அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. வெளியில் தயங்குகிறவர்கள் சீட்டில் தயங்கமாட்டார்கள். வெள்ளத்தை ஒரு நாற்பது பேராவது மறந்திருக்கமாட்டார்கள்.

சீட்டுகள் பழைய மேப்பிள் பாகு டப்பாவில் விழுந்தன. டெல்பர்ட் எண்ணினார். மறுபடி எண்ணினார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, எல்வுட் பக்கம் பார்க்காமல் வாசித்தார்.

"கோஸ்லோவ்ஸ்கி, நூற்றுப் பத்தொன்பது. ட்ரிம்பிள், ரெண்டு."

கைதட்டல் எழுந்தது. சாதாரணக் கைதட்டல் இல்லை, பெரிய ஆபத்திலிருந்து தப்பித்தவர்கள் தட்டுகிற கைதட்டல். சிலர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கிளேட்டன் நெற்றி வியர்வையைத் துடைத்தார்.

எல்வுட் கணக்குப் போட்டார். ரெண்டு. ஒன்று தன்னுடையது. இன்னொன்று மேவிஸ். உலகமே கைவிட்டாலும் மேவிஸ் இருக்கிறாள் என்று அந்த ஒரு சீட்டை மனதுக்குள் இறுகப் பிடித்துக்கொண்டார். அப்போது பிரெண்டன் வந்து தோளைத் தொட்டான்.

"எனக்கு ஒண்ணுமே புரியல சார். நான் உங்களுக்குத்தான் போட்டேன்."

எல்வுட் எழுந்து மேவிஸ் பக்கம் திரும்பினார்.

"நீ யாருக்குப் போட்டே?"

"பிரெண்டனுக்கு," என்றாள் மேவிஸ். அவள் கண்ணில் நீர் நின்றது. முகமோ மலர்ந்திருந்தது. "எல்வுட், உக்காரு, நான் சொல்றதை..."

எல்வுட் உட்காரவில்லை. நாற்காலிகளில் இடித்துக்கொண்டு வெளியேறியவர், குளிர் முகத்தில் அறைந்த பிறகுதான் கோட்டும் தொப்பியும் அடித்தளத்துக் கொக்கியில் இருப்பது ஞாபகம் வந்து, பக்கவாட்டுப் படி வழியாக அங்கே இறங்கினார்.

அங்கே ஹாரிஸ் விட்கம் தனியாக ஒரு முக்காலியில் உட்கார்ந்து, நீட்டிய காலோடு பீன்ஸ் பானையைக் கிளறிக்கொண்டிருந்தார். முட்டி வலியால் மாடி ஏறாமல் இங்கேயே இருந்துவிட்டவர்.

"எவ்வளவு?" என்று கேட்டார் ஹாரிஸ்.

"ரெண்டு." எல்வுட் கொக்கியிலிருந்து கோட்டை எடுத்தார். "என் ஓட்டு ஒண்ணு, என்னைத் தோக்கடிச்சவன் ஓட்டு ஒண்ணு. என் பொண்டாட்டிகூட எனக்குப் போடல. வந்து நாலு மாசம் ஆன ஒருத்தன் மேல இருக்கிற நம்பிக்கை என் மேல இல்ல. நாய் பிடிக்கிற வேலைக்குக்கூட லாயக்கில்லாதவன்! வீட்டை வித்துட்டு ஒஹாயோவுக்கே போறேன். இருபத்தாறு வருஷமா நான் இந்த ஊருக்குச் சமவெளிக்காரன்தான்னு இன்னைக்குச் சீட்டுல எழுதிக் குடுத்துட்டாங்க."

ஹாரிஸ் கிளறுவதை நிறுத்தினார். அவர் முகம் கோணியது. கரண்டியைப் பானைக்குள் எறிந்தார்.

"அட மடையா, இந்த ஊர்ல நாய் பிடிக்கிற வேலையைச் சமவெளிக்காரனுக்கு மட்டும்தான்யா குடுப்பாங்க, நீ வந்த வருஷம் உன் தலையில கட்டுவாங்கன்னு பார்த்தேன், நீ வெள்ளத்துல புத்தகத்தைச் சுமந்ததால கட்டல, முப்பது வருஷமா நானும் ஒரே ஒரு தடவையாவது தோத்துப் போகமாட்டோமான்னு காத்துக்கிட்டிருக்கேன்!"